இறக்கையில் தீ, இறங்குவது எந்தக் கதவில்?

1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டரிலிருந்து கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குக் கிளம்பிய போயிங் 737 தரையை விட்டு எழும்பவே இல்லை. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இடது இன்ஜினின் எரியறை ஒன்று உடைந்து சிதறியது. சிதறிய துண்டு இறக்கையின் அடியிலிருந்த எரிபொருள் தொட்டியின் மூடியைத் துளைத்தது. விமானிகளுக்குக் கேட்டது ‘தொம்’மென்ற ஒரு சத்தம்தான். டயர் வெடித்திருக்கும் என்று எண்ணி ஓட்டத்தைக் கைவிட்டு, விமானத்தைப் பக்கப்பாதைக்குத் திருப்பி நிறுத்தினார்கள். லேசான காற்றுதான், ஆனால் அது தீயை அப்படியே விமானத்தின் உடல்மீது சாய்த்தது. உள்ளே இருந்த 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். தீயணைப்பு நிலையம் வைத்திருக்கும் ஒரு விமான நிலையத்தில், சக்கரங்கள் தரையில் நின்றிருக்கும்போது இத்தனை பேர் சாக முடிகிறது என்றால், பயணி தானே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பகுதியைத் தீ பிடிப்பதற்கு முன்பே, இருக்கையில் உட்கார்ந்தபடியே முடித்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் வாதம்.

உட்கார்ந்ததும் முதல் வேலை எண்ணுவது. முன்னால் எத்தனை வரிசை தாண்டினால் அவசரக் கதவு, பின்னால் எத்தனை வரிசை என்று இருக்கைகளின் முதுகைத் தொட்டு எண்ணிவையுங்கள். கரும்புகை இறங்கினால் கண்ணை நம்ப முடியாது, கைதான் வழிகாட்டும். ஒரு கதவு போதாது. மான்செஸ்டரில் இடது இறக்கையிலும் அதற்குப் பின்னாலும் தீ. முன்பக்க வலது கதவு முதலில் சிக்கிக்கொண்டது. பின்பக்க வலது கதவு திறந்தும் புகை சூழ்ந்ததால் அதன் வழியே யாரும் தப்பவில்லை. ஆகவே இரண்டாவது, மூன்றாவது வழியும் மனத்தில் இருக்கட்டும். பாஸ்போர்ட், கைபேசி, அன்றாட மருந்து மூன்றையும் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். விமானம் மேலேறும்வரை காலணியைக் கழற்ற வேண்டாம். குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் விதிவிலக்கு, அது அவசரக் கதவிலிருந்து இறங்க உதவும் காற்றுச் சறுக்கைக் கிழிக்கும். சீட் பெல்ட்டை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். காரில் பொத்தானை அழுத்திப் பழகிய விரல், பதற்றத்தில் இங்கும் பொத்தானைத்தான் தேடும். இங்கே தூக்க வேண்டியது ஒரு தகடு.

இறக்கைக் கதவருகே இடம் கிடைத்தவர் கால் நீட்ட வசதி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மான்செஸ்டர் விமானத்தில் அந்தக் கதவு ஏறத்தாழ 22 கிலோ எடையுள்ள தனிப் பலகை. திறக்க முயன்ற பயணியின் மேலேயே அது உள்நோக்கி விழுந்தது. வழி பிறந்தபோது விமானம் நின்று முக்கால் நிமிடம் கடந்திருந்தது. அந்த முக்கால் நிமிடத்தின் விலையை யோசித்தால், இருக்கைப் பையிலிருக்கும் அட்டையைப் புரட்டுவது அவமானமாகத் தோன்றாது. கதவு மேல்நோக்கித் தானே திறக்குமா, பலகையைக் கையால் தூக்கி வெளியே எறிய வேண்டுமா என்பது விமானத்துக்கு விமானம் மாறும்.

இனி தீ தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணெதிரே எரியும்போது உத்தரவுக்காக உட்கார்ந்திருப்பது மடத்தனம் இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், மான்செஸ்டரை அறிந்தவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் இன்ஜினில் தெரியும் எல்லாச் சுடரும் ஒன்றல்ல. இன்ஜினை இயக்கும்போது தேங்கிய எரிபொருள் வெளியேறு குழாயில் பற்றிக்கொள்வதுண்டு. இன்ஜினைச் சுழலவிட்டுக் காற்றாலேயே அதை ஊதி அணைப்பார்கள். 2022 அக்டோபர் 28 இரவு டெல்லியிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பிய இண்டிகோ விமானத்தின் இன்ஜினிலிருந்து தீப்பொறி பறந்தது. ஓட்டத்தை நிறுத்தினார்கள், அதில் இருந்தவர்கள் பத்திரமாக இறங்கினார்கள். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை அதே அக்டோபர் 28, 2016இல் சிகாகோ காட்டியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 767இன் வலது இன்ஜின் வெடித்து எரிந்தது. சரியாகவே இடதுபக்கம் இறங்கினார்கள், ஆனால் அந்தப் பக்க இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்று வீச்சில் விழுந்த பயணி ஒருவர் பலத்த காயமடைந்தார். எனவே பணியாளரைக் கூவி அழைத்து, எந்தப் பக்கம் எரிகிறது என்று சொல்லுங்கள்; அவர்களுக்கு அந்த ஜன்னல் தெரியாமலிருக்கலாம். புகையோ தீயோ உள்ளே புகுந்து, கட்டளையிட யாரும் இல்லாத நிலையில்தான் பயணியே கதவைத் தொடலாம். அப்போதும் முதலில் ஜன்னல் வழியே பார்த்து, தீ இல்லாத பக்கத்தில், இன்ஜின் நின்றிருந்தால் மட்டும்.

உத்தரவு வந்த பிறகு யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது. பையை விடுங்கள். ஒரே ஒரு சின்னப் பை, இரண்டு வினாடி, அதனால் என்ன என்பார்கள். பாதி வாசல்களை மட்டும் கொண்டு 90 வினாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்கு அனுமதி. அந்தச் சோதனையில் உண்மையான புகையும் கிடையாது, பெட்டியை இறக்குபவரும் கிடையாது. உங்கள் இரண்டு வினாடி உங்களுடையது மட்டுமல்ல, பின்னால் நிற்கும் நூறு பேருடையது. 2024 ஜனவரி 2இல் டோக்கியோவின் ஹனேடாவில் மோதித் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில், எட்டு வாசல்களில் மூன்றுதான் பயன்பட்டன. 379 பேரும் உயிரோடு வந்தார்கள், பைகளை உள்ளேயே விட்டுவிட்டு. முந்தினால் பிழைக்கலாம் என்ற எண்ணமும் பொய். மான்செஸ்டருக்குப் பிறகு பேராசிரியர் ஹெலன் மியூர் கிரான்ஃபீல்டில் நடத்திய சோதனைகளில், முதலில் வெளியேறுவோருக்குப் பணம் என்று அறிவித்ததும் குறுகிய வழியில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சிக்கினார்கள்.

புகையில் குனிந்து நடங்கள். கூட்டத்தில் தவழ்ந்தால் மிதிபடுவீர்கள். ஈரத்துணி கரித்துகளைத் தடுக்குமே தவிர, கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது, அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம். சறுக்கின் விளிம்பில் உட்காராமல், கைகளை மார்பில் குறுக்கே கட்டிக் குதியுங்கள். இறங்கியதும் காற்று வீசும் திசைக்கு எதிரே விலகிப் போங்கள், படமெடுக்க நிற்காமல். தீயணைப்பு வண்டிகள் வரும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விமான விபத்தில், தீயணைப்பு நுரைக்கடியில் கிடந்த ஒரு பயணிமீது மீட்பு வண்டியே ஏறியது.