விக்ரமை ஓட்டியது யார்?

நம்பிக்கை: பெங்களூரில் உட்கார்ந்தபடி விஞ்ஞானிகள்தான் சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டரை ஓட்டி நிலவில் இறக்கினார்கள்.

உண்மை: 2023 ஆகஸ்ட் 23 மாலை, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களும் நம்மைப் போலத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலவுக்கு ரேடியோ சைகை போய்வர இரண்டரை வினாடிக்கு மேலாகும். இறங்கத் தொடங்கும்போது விக்ரமின் வேகமோ வினாடிக்குச் சுமார் 1.68 கிலோமீட்டர். கோளாற்றைத் திரையில் பார்த்துப் பதறிப்போய் இங்கே பொத்தானை அழுத்தினாலும், கோளாறு நேர்ந்த கணத்திலிருந்து அது பலிப்பதற்குள் கலம் நாலு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். தானியங்கி இறக்கம் தொடங்கிய பிறகு எல்லா முடிவும் கலத்துக்குள் இருந்த கணினியுடையதுதான்.

நம்பிக்கை: பாதை பிசகினால் முழு மூச்சாகத் திருத்திவிட வேண்டும்.

உண்மை: சைக்கிள் பழகுகிறவர் இப்படித்தான் ஹேண்டில்பாரை வெடுக்கென்று ஒடித்து மறுபக்கம் விழுகிறார். எவ்வளவு வேகமாகத் திருத்தலாம் என்பது கட்டுப்பாட்டியலில் 1868-லேயே இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுப் பார்த்த கேள்வி. அதற்காக இறுக்கிக் கட்டிவைத்தாலும் ஆபத்துதான். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் விழுந்த கதை அது. ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. சரிசெய்யக் கலம் மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகம் தேவைப்படும் என்று யாரும் நினைக்காததால் மென்பொருள் அதற்கு வரம்பு போட்டிருந்தது. போதாக்குறைக்கு, 500 மீட்டருக்கு 500 மீட்டர் கட்டத்துக்குள்தான் இறங்க வேண்டும் என்ற கட்டளை வேறு. தரை நெருங்கியும் அந்த இடத்தை எட்டிப்பிடிக்க வேகத்தைக் கூட்டியது கலம். இஸ்ரோ தலைவராக இருந்த சோம்நாத் பின்னர் தந்த விளக்கம் இது.

அடுத்த முறை, சந்திரயான்-3-இல், நடு எஞ்சினையே எடுத்துவிட்டார்கள். இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. கணினிக்குப் புத்தி கூட்டியதைவிட, தப்புச் செய்ய அதற்கு இடம் விட்டதுதான் பெரிய சாமர்த்தியம் என்பேன்.

நம்பிக்கை: சென்சாரும் கணினியும் பொய் சொல்லாது.

உண்மை: ஜப்பானின் ஹிட்டோமி எக்ஸ்-கதிர் விண்கலம் 2016 மார்ச் 26 அன்று சுழலாமல் சும்மாதான் இருந்தது. ஆனால் மணிக்குச் சுமார் 21.7 பாகை வீதம் தான் சுழல்வதாக அது கணக்கிட்டுக்கொண்டது. இல்லாத சுழற்சியை நிறுத்த உள்ளிருந்த சக்கரங்களை முடுக்கியது. அதனாலேயே நிஜமாகச் சுழலத் தொடங்கியது. ஆபத்து என்று உணர்ந்து உந்திகளை இயக்கியபோது, அவற்றுக்காகத் தரையிலிருந்து அனுப்பப்பட்டிருந்த எண்களும் தவறு. சுழற்சி இன்னும் ஏறி, சூரியத் தகடுகள் பிய்ந்துபோயின. ஏவி 38 நாள்தான் ஆகியிருந்தது.

கட்டுப்பாட்டியல்காரர்கள் அதனால்தான் ஒரே சாட்சியை நம்புவதில்லை. முடுக்கத்தை அளந்து, அதைக் கூட்டிக் கூட்டி வேகத்தைக் கணித்தால் சிறு பிழையும் நேரம் போகப் போக வளரும். சந்திரயான்-3 இதற்கென்றே லேசர் டாப்ளர் வேகமானியைக் கூடுதலாகக் கொண்டுபோனது. தரையை நோக்கி லேசரைச் செலுத்தி, மூன்று திசைகளிலும் வேகத்தை நேரடியாக அளக்கும் கருவி அது.