சின்னம்மையும் பிள்ளை பார்க்கும் வீடும்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கங்களில் சம்பா அறுவடைக்குப் பின் வயலில் தங்கிய ஈரத்தைக்கொண்டு விளையும் உளுந்து, பங்குனி மாதத்தில் பறிப்புக்கு வருகிறது. பண்ணுருட்டியைச் சார்ந்த செம்மண் மேடுகளில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலையும் ஏறக்குறைய அக்காலத்திலேயே மும்முரமாகிறது. ஸ்திரீகள் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டுவிடுதலின், பள்ளிக்குச் செல்லாத சிறு பிள்ளைகள் தெருவிலுள்ள யாரேனும் ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில் விடப்படுகின்றனர். ஐந்தாறு குழந்தைகள் ஒரே பாயில் படுத்து, ஒரே குவளையில் நீர் பருகி, மாலைவரை அங்கேயே இருக்கின்றன. சின்னம்மை மிகுதியாய்க் காணும் பருவமும் இந்தப் பின்பனிக்கும் வேனிலுக்கும் இடைப்பட்ட பருவமேயாம். கூலி கிடைக்கும் நாளும் நோய் பரவும் நாளும் ஒன்றாய் வந்து சேருவதே இவ்விஷயத்திலுள்ள சங்கடம்.

முதியோர் பலருக்கு அம்மை என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் பெரியம்மையாகிய வைசூரியின் ஞாபகம் வருகிறது. அந்த வைசூரி இந்தியாவில் 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு அற்றுப்போயிற்று. உலகமெங்கும் ஒழிந்ததென்று 1980இல் பிரகடனம் செய்யப்பட்டது. சின்னம்மையோ முற்றிலும் வேறான கிருமியால் உண்டாவது. ஆகையால், முற்காலத்தில் அம்மை குத்திக்கொண்ட தழும்பு புஜத்தில் இருக்கிறதென்று ஒருவர் தைரியங்கொள்வது பிசகு. அத்தழும்பு வைசூரியைத் தடுத்தது, சின்னம்மையைத் தடுக்காது. பெரும்பாலும் முதலில் மார்பிலும் முதுகிலும் முகத்திலும் சிவந்த புள்ளிகள் தோன்றி, சில மணி நேரத்தில் நீர்க்கொப்புளங்களாகும். பழைய கொப்புளம் பொருக்காகும்போதே பக்கத்தில் புதியது எழும்புவது இந்நோயின் அடையாளம்.

பிள்ளை பார்க்கும் வீட்டார் முக்கியமாய் அறிய வேண்டியது நாட்கணக்கு. கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னரே அக்குழந்தையிடமிருந்து நோய் பிறரைத் தொற்றுகிறது. அந்த நாட்களில் சிறிது ஜுரமும் சோர்வும் தவிர வேறொன்றும் இராது. யாதொன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே, கொப்புளத்தைக் கண்டவுடன் குழந்தையை அகற்றிவிட்டதனால் மற்றப் பிள்ளைகள் தப்பிவிட்டன என்று நினைப்பதற்கில்லை. தொற்றிய கிருமி உடனே வெளிப்படாமல், 10 நாள் முதல் 21 நாள் வரை, அநேகமாய் இரண்டு வாரம், உள்ளேயே வளர்கிறது.

ஓர் உதாரணம்: பங்குனி 5ஆம் தேதி காலை ஒரு குழந்தைக்கு முதற்கொப்புளம் கண்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. பங்குனி 3ஆம் தேதி முதலே அது பிறருக்கு நோயைக் கொடுத்திருக்கக்கூடும். ஆதலால், அத்திண்ணையில் இருந்த மற்றக் குழந்தைகளைப் பங்குனி 13ஆம் தேதி தொடங்கி 26ஆம் தேதி வரை தினந்தோறும் காலையில் சட்டையைக் கழற்றி மார்பையும் முதுகையும் பார்க்க வேண்டும். இடைப்பட்ட நாளில் ஒன்றும் காணாமையால் ஆபத்து நீங்கிற்றென்று தாய்மார் எண்ணுகின்றனர்; உண்மையில் அப்போதுதான் காவல் வேண்டும். ஒரே வீட்டில் வசிப்போரில், முன் இந்நோய் காணாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை இது பற்றக்கூடும்.

நோய் கண்ட குழந்தை எப்போது திரும்பி வரலாம்? எல்லாக் கொப்புளங்களும் வற்றிப் பொருக்குக் கட்டி, புதியது எழாமல் நின்ற பின்பே வரலாம். இதற்கு ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும். சிலருக்கு மேலும் ஆகும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஊர் வழக்கப்படி வாயிலில் வேப்பிலை செருகி, அயலாரை உள்ளே விடாமல், ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ தலைக்குத் தண்ணீர் விட்டபின் வெளியே அனுப்புவது இக்கணக்குடன் பெரிதும் பொருந்துகிறது. வேப்பிலை நோயைத் தீர்க்காவிடினும் நல்ல அறிவிப்புப் பலகையாக உதவுகிறது. ஆனால் நடுவில் மேலில் நீரே படலாகாதென்பதும், வைத்தியரிடம் போனால் தெய்வக் குற்றம் என்பதும் தீங்கு விளைப்பவை. வெதுவெதுப்பான நீரில் தினமும் மெல்லக் கழுவி ஒற்றியெடுத்தால் அரிப்பு தணியும். புண்ணில் சீழ் பிடிப்பதும் குறையும்.

குழந்தையின் நகங்களை ஒட்ட வெட்டி, மெல்லிய பருத்தித் துணி உடுத்த வேண்டும். அரிப்புக்குக் காலமைன் தைலம் தடவலாம். இளநீர், கஞ்சி, மோர் முதலியவற்றை அடிக்கடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஜுரத்துக்கு வைத்தியர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சின்னம்மை கண்ட குழந்தைக்கு அது மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய உபத்திரவத்தை உண்டாக்கக்கூடும். தலைவலிக்கென்று பெட்டிக்கடையில் வாங்கும் பெயர் தெரியாத மாத்திரைகளில் ஆஸ்பிரின் கலந்திருப்பதுண்டு. இபுப்ரோஃபென் என்னும் மருந்தையும் தவிர்ப்பது உத்தமம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்நோய் தானே தணிந்துவிடும். எனினும், மூச்சு வாங்கல், ஓயாத வாந்தி, எழுப்பினும் தெளியாத மயக்கம், நடையில் தள்ளாட்டம், நான்கு நாளுக்கு மேலும் நீங்காத கடும் ஜுரம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சீழ் வடிதல் ஆகியவற்றில் ஒன்று காணினும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரியும், சிதம்பரத்தில் அண்ணாமலைநகரிலுள்ள வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இப்பிரதேசத்தாருக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

குழந்தையைவிட அதிகமாய் வருந்தக்கூடியவர்களும் உண்டு. முன் சின்னம்மை காணாத கர்ப்பவதி, பிறந்த சிசு, ரத்தப் புற்று முதலிய நோய்களுக்கு மருந்துண்பவர் ஆகியோர் நோயாளியின் அருகே வரலாகாது. தெரியாமல் வந்திருப்பின், கொப்புளம் எழட்டுமென்று காத்திராமல் அன்றே வைத்தியரைக் காண வேண்டும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன் தொடங்கி இரண்டு நாள் பின் வரை தாய்க்கு நோய் கண்டால் சிசுவின் உயிருக்கே மோசம் நேரலாம்.

அக்கியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு வயதில் சின்னம்மை கண்டவரது நரம்புகளில் அக்கிருமி உறங்கிக் கிடந்து, முதுமையில் விழித்தெழுவதே அக்கி. குயவரிடம் சென்று காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்ளும் பாட்டி, அக்கொப்புளத்தின் நீர் பட்டால் மடியிலுள்ள குழந்தைக்குச் சின்னம்மை வரும் என்பதை அறிவதில்லை. அவள் கொப்புளங்களைத் துணியால் மூடி, அவை உலரும்வரை பிள்ளை பார்ப்பதை வேறொருவரிடம் விட வேண்டும்.

இந்நோயைத் தடுக்கும் ஊசியை ஜப்பானிய வைத்தியர் தகாஹாஷி 1974இல் வெளியிட்டார். ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இரண்டு தவணையாக அது போடப்படுகிறது. நோயாளியுடன் பழகிய மூன்று நாளுக்குள், அதிகமாய்ப் போனால் ஐந்து நாளுக்குள், போட்டுக்கொண்டாலும் நோய் தடைப்படலாம், அல்லது இலேசாகலாம். தேசமெங்கும் அரசாங்கம் இலவசமாய்ப் போடும் ஊசிகளின் வரிசையில் இது சேராதபடியால், விலை கொடுத்தே பெற வேண்டியிருக்கிறது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது எளிதன்று.

கூலி போய்விடுமே என்ற அச்சத்தால் தாய் கொப்புளத்தைச் சட்டையால் மறைத்துப் பிள்ளையைத் திண்ணையில் விட்டுச் செல்வதுண்டு. அவளைக் கடிந்து பயனில்லை. மறைக்க வேண்டாதபடி ஓர் ஏற்பாடு வேண்டும். சின்னம்மை ஒருமுறை கண்டவருக்கு மறுபடி காண்பது அரிது. ஆகையால், முன்பே கண்டு தேறிய ஒருத்தி, நோயுற்ற இரண்டு மூன்று குழந்தைகளையும் தனி வீட்டில் வைத்து ஒருவாரம் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு அந்த வாரக் கூலியைத் தெருவார் பகிர்ந்து கொடுக்கலாம். உபவிதிகள் இடங்கொடுக்குமாயின் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து ஒரு பகுதியைத் தரலாம். மாசி மாதத்திலேயே பஞ்சாயத்தார் கூடி, ஊரில் யார் யாருக்குச் சின்னம்மை கண்டிருக்கிறது, எந்த வீட்டில் கர்ப்பவதி இருக்கிறாள் என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதிவைத்தால், உளுந்து பறிப்பு தொடங்கும் சமயத்தில் ஆள் தேடி அலைய வேண்டியிராது.