பிளாஸ்டிக் கதிரையை விடு, மருமகன்

அன்பு மருமகன்,

நீ அனுப்பிய ஏழு படமும் பார்த்தேன். ஏழும் கறுப்பு இரும்பு, ஏழும் மடிக்கிற ஸ்டாண்ட். “மாமா, இதில எது நல்லது?” என்று கேட்டிருக்கிறாய். உன் கிற்றார் அம்ப் எத்தனை கிலோ, எவ்வளவு அகலம், கொட்டாஞ்சேனை மூன்றாம் மாடியில் இருந்து அதை ஆர் இறக்குகிறது, ஒன்றும் சொல்லவில்லை. கால் அளவு சொல்லாமல் செருப்புக் கேட்கிற ஆள் நீதான்.

ஸ்டாண்ட் எதற்கு என்பதிலேயே உனக்குக் குழப்பம். மேடையில் எடுப்பாகத் தெரிய என்று நினைக்கிறாய். இல்லையடா, அது உன் காதுக்கு. 12 அங்குல ஸ்பீக்கர் மேல் சுரங்களை டோர்ச் வெளிச்சம் மாதிரி நேரே அடிக்கும். கீழ்ச் சுரங்கள்தான் நாலு பக்கமும் பரவும். அம்ப்பைத் தரையில் வைத்தால் அந்த வெளிச்சம் உன் முழங்காலுக்குப் போகும். தரையும் தன் பங்குக்கு அடித்தொனியைக் கூட்டிவிடும். நின்று வாசிக்கிற உனக்கு எல்லாம் மந்தமாகக் கேட்க, நீ ட்ரெபிளைத் திருகுகிறாய். முன்வரிசையில் இருக்கிற மாமிமாரின் காது ஸ்பீக்கருக்கு நேரே. வெள்ளவத்தைக் கல்யாணத்தில் அவர்கள் காதைப் பொத்தியபோது, “கிழடுகளுக்கு மியூசிக் விளங்காது” என்றாய். அண்டைக்கு நீ வாசித்ததைச் சரியாகக் கேட்டது அவர்கள் மட்டும்தான்.

கணக்கு வேண்டுமா? நீ அம்ப்பில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளி நிற்கிறாய். உன் காது 1.6 மீற்றர் உயரத்தில், தரையில் இருக்கிற ஸ்பீக்கரின் நடு 30 சென்ரிமீற்றரில். அது உன் காதைப் பார்க்க 33 பாகை சாய வேண்டும். 40 சென்ரிமீற்றர் தூக்கி வைத்தால் 24 பாகை போதும். அம்ப் செய்கிற ஃபெண்டர்காரருக்கு இது 1960களிலேயே விளங்கிவிட்டது. ட்வின் ரிவேர்ப் போன்ற பெரிய அம்ப்புகளின் இரண்டு பக்கத்திலும் கால் பூட்டி, பின்னுக்குச் சாய்த்து நிறுத்த வழி செய்தார்கள். உன் சின்ன அம்ப்புக்கு அந்தக் கால் இல்லை, ஆகவேதான் இந்தக் கடிதம்.

“கீபோர்ட் ஸ்டாண்ட் வீட்டில இருக்கே மாமா” என்பாய். வாயை மூடு. கத்தரிக்கோல் மாதிரி மடிகிற அந்தச் சாமானில் நானும் ஒருகாலம் அம்ப் வைத்தவன். பைலா தொடங்கி ஆட்கள் குதிக்க, மேடைப் பலகை ஆட, அம்ப் அரை அங்குலம் அரை அங்குலமாக நடந்து போய்க் கீழே விழுந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்.

“படத்தில இருக்கிற ஸ்டாண்ட் 60 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கே” என்பது உன் அடுத்த வாதம். தாங்கும், நேரே கீழே அமத்தினால். அம்ப் விழுவது பாரத்தால் இல்லை, சாய்வால். வால்வ் அம்ப்புகளில் ட்ரான்ஸ்ஃபோமர் பெரும்பாலும் மேல்பக்கம் இருக்கும்; பெட்டி தலைக்கனம். பின்னுக்குச் சாய்த்தவுடன் அந்தக் கனமும் பின்னுக்குப் போகும். ஆகவே ஸ்டாண்டின் பின்கால் அம்ப்பின் முதுகைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறதா என்று பார். வாங்க முதல் அம்ப்பைக் கடைக்கே கொண்டுபோய், ஸ்டாண்டில் வைத்து, மேல் விளிம்பை ஒரு விரலால் பின்னுக்கும் பக்கத்துக்கும் தள்ளு. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். முன்னால் அம்ப் வழுக்காமல் மறிக்கிற உதடு இருக்க வேண்டும். காலுக்கு ரப்பர் வேண்டும், மண்டபங்களில் எல்லாம் பளபளக்கிற டைல்ஸ். மடிப்பில் பூட்டு ஊசி இல்லாததைத் தொடவே தொடாதே.

இனி நீ கேட்கப்போவது தெரியும்: “ஒருகொடவத்தையில இருக்கிறீங்கள், பக்கத்தில வெல்டிங் பண்ணுவிக்கலாமே?” பண்ணுவிக்கலாம். என் ஜன்னலுக்கு வெளியே பேஸ்லைன் வீதியில் கொண்டெய்னர் லொறிகள் போகிற சத்தத்தில் உன் ட்ரெபிள் கூட எடுபடாது. இரும்பு வேலைக்கு இங்கே ஆள் பஞ்சம் இல்லை. ஆனால் கேற் செய்து பழகிய கை கேற்றுக்குரிய இரும்பைத்தான் எடுக்கும். 40 மில்லிமீற்றர் சதுரக் குழாய், 3 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் மீற்றருக்கு மூன்றரைக் கிலோ. ஐந்து மீற்றர் போனால் 17 கிலோவுக்கு மேல். உன் புளூஸ் ஜூனியர் அம்ப்பே ஏறக்குறைய 14 கிலோதான்! 25 மில்லிமீற்றர், 1.6 தடிப்பு என்று நீயே எழுதிக் கொடு; அதே ஐந்து மீற்றர் ஆறு கிலோவுக்குள் முடியும். நாளைக்கு உனக்கு ஆசை முற்றி 29 கிலோ ட்வின் ரிவேர்ப் வாங்கினாலும் அது தாங்கும், பற்றவைப்பு ஒழுங்காக இருந்தால். இரும்பும் இரும்பும் முட்டுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டு. இல்லாவிட்டால் நீ கீழ் ‘ஈ’ கம்பியைத் தட்டுகிற நேரமெல்லாம் ஸ்டாண்ட் பல்லுக் கடிக்கும்.

இன்னொன்று. கிற்றார் வயரை அம்ப்பின் கைபிடிக்குள்ளால் ஒரு சுற்று எடுத்துப் பிறகு குத்து. வயரில் யாராவது கால் இடறினால் இழுவை கைபிடியோடு நிற்கும், பிளக் முறியாது. ஸ்டாண்டுக்கு நீட்டுக் கால் ஏன் வேண்டும் என்பது அந்த நேரம் தெரியும்.

சனிக்கிழமை அம்ப்போடு வா. படம் வேண்டாம், அளவு எழுதிய துண்டும் வேண்டாம், அம்ப்பே வரட்டும். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் எத்தனை கிலோ தூக்கலாம் என்று உனக்கே தெரியும். வரமுதல், வீட்டில் அம்ப்புக்குக் கீழே இருக்கிற அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைக் குசினியில் கொண்டுபோய் வை. நேற்றும் அக்கா எனக்குப் போன் அடித்து, கதிரை எங்கே என்று கேட்டவ.

உன் மாமா