படம் எடுக்க வரும் பெண்களுக்குச் சில சொற்கள்

"கதைப்படமா, ஆவணப்படமா, எதில் இறங்கலாம்?" என்று கேட்டு வருகிறீர்கள். நியூயார்க்கில் பிறந்த ஷெர்லி கிளார்க் (1919–1997) நடனப்படம், கதைப்படம், ஆவணப்படம் மூன்றிலும் இறங்கியவர். அவரை வைத்தே சொல்கிறேன்.

1. கைவசம் இருக்கும் வித்தையில் தொடங்குங்கள். அவரிடம் இருந்தது நடனம். 'டான்ஸ் இன் தி சன்' (1953) படத்தில் நடனக் கலைஞர் டேனியல் நாக்ரின் மேடையில் தொடங்கும் அசைவு கடற்கரை மணலில் போய் முடியும். உடம்பின் வேகம் அறுபடாததால் இடம் மாறியது உறுத்தாது. கட் எங்கே விழவேண்டும் என்று ஆடிப் பழகியவருக்குத் தெரியும். எடிட்டிங் மென்பொருளெல்லாம் அப்புறம்.

2. மிஞ்சிய ஃபுட்டேஜை அழிக்காதீர்கள். பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக எடுத்ததில் மிஞ்சிய பாலக் காட்சிகளை வைத்து 'பிரிட்ஜஸ் கோ ரவுண்ட்' (1958) செய்தார். இரும்புப் பாலங்கள் ஆடும். ஜாஸ் இசையோடு ஒன்று, மின்னணு இசையோடு ஒன்று என அதற்கு இரண்டு வடிவம். காட்சிகள் ஒன்றுதான், பார்க்கும் படம் வேறு.

3. சென்சார் வரும். ஹெராயினுக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றிய 'தி கனெக்ஷன்' (1961) படத்துக்கு, ஒரு கெட்ட வார்த்தைக்காக நியூயார்க்கில் அனுமதி மறுத்தார்கள். படக்குழுவினர் வழக்காடி ஜெயித்தார்கள், வசூல் வரவில்லை. இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

4. வகை பிரிப்பது விழாக்காரர்கள் பாடு. 'தி கனெக்ஷன்' ஆவணப்படம்போல் பாவனை செய்யும் கதைப்படம். 'போர்ட்ரெய்ட் ஆஃப் ஜேசன்' (1967) ஆவணப்படம். ஆனால் அதில் பேசும் ஜேசன் ஹாலிடே இரவு முழுக்க நடித்துத் தள்ளுகிறார். செல்சி ஹோட்டல் அறையில் ஒரே இரவு, 12 மணி நேரம். சுருள் தீர்ந்தால் திரை இருண்டுவிடும், ஜேசனின் பேச்சு மட்டும் ஓடும். வேறு எவராக இருந்தாலும் அதை வெட்டியிருப்பார்கள். கடைசியில் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஜேசனைச் சீண்டி அழவைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் உடைந்துபோவதைப் படமாக்குவது நியாயமா என்று ஷூட்டிங்குக்கு முன்பே உங்களுக்குள் பேசி முடித்துவிடுங்கள்.

5. கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் பற்றி கிளார்க் இயக்கிய படம் ஆஸ்கர் வாங்கியது. விருது தயாரிப்பாளர் பெயரில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

6. விநியோகஸ்தர் வரவில்லையா, கூட்டாகச் செய்யுங்கள். நியூயார்க்கில் 1962-இல் ஃபிலிம்மேக்கர்ஸ் கோஆப்பரேட்டிவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அது இன்றும் இயங்குகிறது.

அடுத்த முறை வருவதற்குள் 'டான்ஸ் இன் தி சன்' படத்தை ஒலியில்லாமல் ஒரு தடவை பாருங்கள். எந்த அசைவில் கட் விழுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்; அதிலிருந்து பேசுவோம்.