அப்பாவோ அம்மாவோ திடீரென நோயில் விழுந்தால்

சொந்தக் காணிக்குத் திரும்பிய முதல் மாதங்களில் வேலைக்குக் குறைவில்லை. பற்றை வெட்ட வேண்டும், பாழடைந்த கிணற்றை இறைக்க வேண்டும், இடிந்த சுவர்க் கல்லை அகற்ற வேண்டும். இவற்றைப் பெரும்பாலும் அப்பாவும் அம்மாவுமே செய்கிறார்கள். ஆகவே நோயும் அவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது.

2024 நவம்பர் இறுதியில் வடக்கில் பெருமழை பெய்து வெள்ளம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில், வடமராட்சியிலும், சிலர் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வைத்தியசாலைக்கு வந்து சில நாள்களில் இறந்தார்கள். "மர்மக் காய்ச்சல்" என்று ஊர் பேசியது. குருதி மாதிரிகளைப் பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. குறைந்தது ஏழு பேரை நாம் இழந்தோம்.

எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்றிலும் இந்தக் கிருமி இருக்கும். பாத வெடிப்பு, கையிலுள்ள கீறல் வழியாக உடம்புக்குள் போகும். காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்தே வரும். அதற்குள் கிணறு இறைத்ததை வீட்டார் மறந்துவிடுவார்கள். காரணமில்லாமல் வந்த நோய் போலத் தோன்றுவது இதனால்தான்.

எனவே வைத்தியரிடம் காய்ச்சலை மட்டும் சொல்லாதீர்கள். கடந்த ஒரு மாதத்தில் நோயாளி எந்தக் காணியைத் துப்புரவாக்கினார், எந்த வயலில் அல்லது வாய்க்காலில் இறங்கினார், எலி ஓடிய பழைய வீட்டில் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். வைத்தியர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நோயாளி பேச முடியாமல் கிடக்கும்போது இந்தத் தகவல் உங்களிடம் மட்டுமே இருக்கும். எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு, ஆனால் நேரத்துக்குத் தொடங்க வேண்டும். கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பரசிட்டமோல் தவிர வேறு வலி மருந்தை நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் அது ஆபத்து.

இன்னொன்று. தற்காலிகக் கொட்டிலில் நிலத்தில் படுத்தவர் விடியப்புறம் வயிற்று வலியோடு எழும்பி, கண் இமை தொங்கி, பேச்சுக் குழறினால் எட்டடி விரியன் கடித்திருக்கலாம். அதன் கடி பெரும்பாலும் வலிக்காது, அடையாளமும் தெரியாது. பார்வை பார்க்க ஓடாமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

1990 அம்புலன்ஸ் இலவசம். புதிதாகத் திரும்பிய ஒழுங்கைகளைச் சாரதிக்குத் தெரியாமல் இருக்கலாம். சந்நிதி கோயிலையோ பாலத்தையோ அடையாளம் சொல்லி, ஒருவரை ரோர்ச்சோடு வீதியில் நிற்பாட்டுங்கள். சந்நிதியானுக்கு நேர்த்தி வைப்பதை யாரும் தடுக்கவில்லை. அம்புலன்ஸுக்கு அழைத்த பிறகு வையுங்கள்.

பிள்ளைகளிடம் "அம்மா கடைக்குப் போயிருக்கிறா" என்று சொல்லாதீர்கள். இடம்பெயர்ந்த காலத்தில் ஆள்கள் காணாமற்போன கதைகளை அவர்கள் கேட்டு வளர்ந்தவர்கள். திரும்பி வராதவர்களைப் பற்றியும் இப்படித்தான் முதலில் சொல்லப்பட்டது. "அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் வைத்தியர்கள் பார்க்கிறார்கள், அம்மம்மா உங்களோடு இருப்பா" என்று உள்ளதைச் சொன்னாலே போதும். தங்கள் குழப்படியால்தான் அம்மாவுக்கு வருத்தம் வந்தது என்று சின்னவர்கள் நினைப்பதுண்டு. அப்படி இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தாய் மட்டும் உள்ள குடும்பமானால் அயலவர் அன்றைக்கே கிராம அலுவலருக்கு அறிவிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை அவரோடு பேசலாம். அயலவர் செய்யக்கூடிய மற்றைய உதவி மிக எளியது: இரவுச் சாப்பாடு, காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுதல், ஆட்டுக்குக் குழை. "ஏதும் வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். கேளாமலே செய்யுங்கள்.

எலிக்காய்ச்சல் என்று உறுதியானால், அதே கிணற்றை, அதே காணியைத் துப்புரவாக்கிய மற்றவர்களின் பெயர்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து தேவையா என்று அவர் பார்ப்பார்.