தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே

கருப்பி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் தீபாவளி. தெருவில் குட்டியாகக் கிடந்தவளை எடுத்து வளர்த்தோம். நாட்டு நாய், அப்போது பத்து மாதம். நல்ல நாளும் அதுவுமாகப் புதுக் கழுத்துப்பட்டை போடலாமே என்று பழையதைக் கழற்றி வைத்திருந்தேன். காலை ஆறு மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் பலகாரத் தட்டோடு வந்து கம்பிக் கதவைத் திறந்த அதே நேரம், வாசலில் யாரோ ஒரு லட்சுமி வெடியைப் பற்ற வைத்தார்கள். பையனின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியவள்தான். கழுத்தில் பட்டையும் இல்லை, எங்கள் போன் நம்பரும் இல்லை. மதுரை முழுக்க வெடிச் சத்தம். இரண்டு நாள் தேடி, வைகைக் கரையில் ஒரு புதருக்குள் கண்டுபிடித்தோம். நான்கு பாதங்களிலும் தோல் உரிந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. என்னை அடையாளம் தெரியாதது போலப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஏழு தீபாவளி கடந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் தீபாவளி வேலை மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடும். பலகாரத்துக்கு மாவு இடிப்பதெல்லாம் அப்புறம்தான்.

நாயின் காது நம் காது இல்லை. நமக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். பட்டாசுக்குச் சட்டம் வைத்திருக்கும் ஒலி வரம்பே, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். நமக்கே காது அடைக்கும். அதைவிட, இன்று தீபாவளி, ராத்திரியோடு முடிந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். அவளுக்கு அதைச் சொல்ல வழி இல்லை.

இரண்டாவது வருடம் நான் செய்த தப்பை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது. "விடுடி, தூக்கிக் கொஞ்சினா இன்னும் பயந்தாங்கொள்ளி ஆயிடும்" என்றார் அம்மா. நானும் நம்பி, என் பக்கத்தில் வந்து ஒண்டியவளைப் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தேன். எழுந்து பார்த்தபோது சிவப்பு சிமென்ட் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் ஈரமான பாதத் தடங்கள். தண்ணீரை மிதித்துவிட்டாள் என்று நினைத்தேன். தட்டில் இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. நாய்க்கு உள்ளங்காலில்தான் வியர்க்கும் என்று கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சத்தம் போடாமல், ஒரு முனகல் இல்லாமல், அத்தனை பயத்தையும் அவள் தரையில் எழுதி வைத்திருந்தாள். பயம் என்பது கொஞ்சலுக்காகச் செய்யும் அடம் இல்லை, அரவணைத்தால் அது வளராது என்றும் அவரே சொன்னார். இப்போது நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் வந்து சாய்ந்தால் முதுகில் கையை வைப்பேன். அவளாகக் கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்க மாட்டேன்.

மூன்று வாரம் முன்பு செய்வது இதுதான்: போனில் வெடிச் சத்தத்தை மிக மெதுவாக, பக்கத்து அறையில் டிவி ஓடுகிற அளவுக்கு வைத்துவிட்டு, அவித்த கோழித் துண்டு கொடுப்பேன். தினமும் பத்து நிமிடம். காது பின்னால் மடங்கினாலோ, சாப்பிடுவதை நிறுத்தினாலோ, சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே குறைத்துவிடுவேன். நிஜ வெடியின் அதிர்வும் கந்தக நெடியும் போனில் வராது, ஆகவே இதனாலேயே பயம் ஓடிவிடாது. ஓரளவு தாங்கிக்கொள்ளப் பழகுகிறாள். தீபாவளிக்கு முந்தின நாள் அவசர அவசரமாக இதைத் தொடங்காதீர்கள். இருக்கிற பயம் கூடத்தான் செய்யும்.

மிகவும் நடுங்குகிற நாய்க்கு மருந்து உண்டு. அதைக் கொடுப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் முன்கூட்டியே மருத்துவரிடம் போய், சாதாரண நாள் ஒன்றில் ஒரு வேளை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். உடம்பை மட்டும் அசைய விடாமல் செய்து, பயத்தை உள்ளே அப்படியே விட்டுவிடும் மயக்க மருந்துகளும் இருக்கின்றன. பயம் தணிய மருந்து வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் தூக்க மாத்திரையை உடைத்துப் போடுவது கூடவே கூடாது.

தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று வெடி நேரம் குறித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் எண்ணெய்க் குளியலோடு நாலு மணிக்கே முதல் சரவெடி கேட்டுவிடும். அதனால் மூன்றரைக்கே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுவேன். சாயங்காலம் ஐந்துக்குள் இன்னொரு முறை. இரண்டு முறையும் மார்புப் பட்டையும் கழுத்துப் பட்டையும் சேர்த்து, இரண்டிலும் கயிறு. பிறகு ஜன்னல் குறைவான உள் அறை, ஜன்னலில் கனமான போர்வை, ஓடுகிற டேபிள் ஃபேன், தண்ணீர். கட்டிப் போடுவதில்லை. வீட்டில் ஒருவராவது இருப்போம். பலகாரம் கொடுக்க வருகிறவர்களுக்கு நானே வெளியே போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் தட்டை வாங்குவேன்.

பலகாரத் தட்டையும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். சாக்லேட் விஷம். கேசரியில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சைலிட்டால் இருந்தால் அது இன்னும் ஆபத்து. எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியைத் தண்ணீர் வாளியில் போடுங்கள். பாதம் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் விட்டு, மருத்துவரிடம் போங்கள். பற்பசை, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். மறுநாள் காலை, நாய் வாசலுக்கு வரும் முன் காகிதக் குப்பையைக் கூட்டிவிடுங்கள். வெடிக்காத மருந்து அதில் இருக்கும், வயிற்றுக்குள் போனால் விஷம்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகளுக்காக ஊரே வெடி போடுவதில்லை. அவ்வளவு பெரிய தியாகத்தை எங்கள் தெருவிடம் நான் கேட்கவில்லை. "வெடிய மட்டும் காலி மனைப் பக்கம் போடுங்கப்பா, புஸ்வாணம் சங்குசக்கரமெல்லாம் இங்கேயே விடுங்க" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "சரிக்கா, கருப்பிக்காகத்தானே" என்றார்கள். அப்படியே செய்தார்கள்.

போன தீபாவளிக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு கோணிச் சாக்கை விரித்து, தெரு நாய்களுக்காகப் பக்கத்துச் சந்துக் கதவைத் திறந்து வைத்தேன். இரண்டு வந்து படுத்தன. ராத்திரி எட்டரைக்கு உள் அறைக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். கருப்பி கட்டிலுக்கு அடியில் கண்ணை மூடியிருந்தாள். கதவிலிருந்து கட்டில் வரை தரை காய்ந்திருந்தது.