இணையத் தேவார வகுப்பில் பாட்டு விளையாட்டு



நான் ஜொகூரில் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் பேராக்கில் இருக்கிறது. அங்கே தேவார வகுப்பு எடுத்த அக்கா வேலை மாற்றலாகிப் போனதும், கோயில் தலைவர் எனக்குப் போன் செய்தார். "நீதான் நல்லா பாடுவியே தம்பி, ஜூம்ல எடேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை 10 மணி. 11 பிள்ளைகள். ஆண்டு 1 முதல் ஆண்டு 6 வரை.

முதல் நாள் எல்லாரையும் சேர்ந்து பாடச் சொன்னேன். பசார் மாலாம் மாதிரி ஆகிவிட்டது. ஒருவன் முன்னால் ஓடுகிறான், இன்னொருத்தி பின்னால் வருகிறாள், நடுவில் யார் வீட்டிலோ மிக்ஸி சத்தம். உடனே எல்லாரையும் மியூட் செய்தேன். "அண்ணா பாடறேன், நீங்க வீட்ல கூடவே பாடுங்க" என்றேன். வகுப்பு அமைதியாக நடந்தது. ஐந்து வாரம் அப்படியே ஓடியது. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, கோயிலில் ஆண்டு 2 தம்பி ஒருவனைப் பாடச் சொன்னேன். வாயே திறக்கவில்லை. "கிளாஸ்ல சும்மாதான் உக்காந்திருப்பான்" என்றார் அவன் அம்மா. ஏன்டா என்று கேட்டேன்.

"நான் பாடுனா உங்களுக்குக் கேக்காதே அண்ணா. அப்புறம் ஏன் பாடணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஐந்து வாரமும் வகுப்பில் பாடியது நான் ஒருவன்தான்.

ஏன் சேர்ந்து பாட முடியவில்லை?

கோயில் மண்டபத்தில் 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம் காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 30 மில்லிவிநாடி ஆகும். அதைக் காது பெரிதாகக் கண்டுகொள்ளாது. இணையத்தில் கதை வேறு. மைக்கில் விழுந்த ஒலி எண்களாக மாறி, சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து, சர்வர் வழியாகப் போய், மறுமுனையில் திரும்ப ஒலியாக வேண்டும்.

அதற்கு ஒரு வழிக்கு 200 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்வோம். என் குரல் பிள்ளைக்குப் போக 200, அவன் குரல் எனக்குத் திரும்பி வர 200, மொத்தம் 400. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 500 மில்லிவிநாடிதான். ஆக, பிள்ளை சரியாகப் பாடினாலும் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு தட்டு பிந்தித்தான் கேட்கும். தப்பு பிள்ளைமேல் இல்லை.

அதனால் இணைய வகுப்பில் சேர்ந்து பாடக் கூடாது, மாறி மாறிப் பாட வேண்டும். மாறி மாறிப் பாடினால் அது தானாகவே விளையாட்டாகிவிடும்.

சாமி பாட்டை வைத்து விளையாடலாமா?

ஒரு பெற்றோர் என்னிடம் இதைக் கேட்டார். நியாயமான கேள்விதான். விடை திருவாசகத்திலேயே இருக்கிறது. திருஅம்மானை, திருப்பூவல்லி, திருச்சாழல், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என்று தலைப்புகளைப் பாருங்கள். அம்மானை என்றால் காய்களைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது. பூவல்லி பூக்கொய்வது. பொன்னூசல் ஊஞ்சல். பெண்பிள்ளைகள் பாடிக்கொண்டே ஆடியவற்றை எடுத்து, அந்த வடிவத்திலேயே சிவபெருமானைப் பாடினார் மாணிக்கவாசகர்.

சாழல் இன்னும் சுவையானது. ஒருத்தி கிண்டலாகக் கேள்வி கேட்பாள், இன்னொருத்தி விடை சொல்வாள். மொத்தம் 20 பாடல்கள். அது பிறந்த கதையையும் பெரியவர்கள் சொல்வார்கள். தில்லையில் மாணிக்கவாசகர் வாதம் செய்தபோது, ஈழத்து அரசனின் ஊமை மகளைப் பேச வைத்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பெண்ணே விடை சொன்னாள். அதுவே திருச்சாழல் ஆனது என்பார்கள்.

முன்பு எத்தனையோ முறை கேட்ட கதைதான். மியூட்டில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பிக்குப் பிறகு, அது எனக்கு வேறு மாதிரி கேட்டது.

மூன்று விளையாட்டுகள்

1. பூ கொடுத்தல். எல்லாரும் சாமி அறையிலிருந்து ஒரு பூ எடுத்து வர வேண்டும். நான் ஒரு வரி பாடி, பூவைக் கேமராவிடம் நீட்டி ஒரு பெயரைச் சொல்வேன். அந்தப் பிள்ளை மட்டும் மைக்கைத் திறந்து அதே வரியைப் பாடி, அடுத்தவருக்குப் பூவை நீட்டும். ஏற்கெனவே பாடியவருக்குக் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விதியால் யாரும் விடுபட மாட்டார்கள்.

2. தாளத்தில் தப்பு எங்கே? நான் மியூட்டில் இருந்து ஆதி தாளம் போடுவேன். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு, ஆக 8. இடையில் வேண்டுமென்றே ஒரு விரலை விட்டுவிடுவேன். கண்டுபிடித்தவர் கையைத் தூக்க வேண்டும். மைக்கே தேவையில்லை. கூச்சப்படும் பிள்ளைக்கு இதுதான் நல்ல தொடக்கம். ஆட்டம் முடிந்ததும், கையால் தாளம் போட்டுப் பாடிய குழந்தை சம்பந்தருக்குத் திருக்கோலக்காவில் இறைவன் பொற்றாளம் கொடுத்த கதையைச் சொல்லுங்கள்.

3. சாழல். இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். எளிய மெட்டு ஒன்றைக் கொடுங்கள். ஒருவர் சாமியைப் பற்றிக் கேள்வி பாட, மற்றவர் விடை பாட வேண்டும். வார்த்தை பிள்ளைகளுடையது. சுருதி கொஞ்சம் விலகினால் பரவாயில்லை.

நான்காவது வாரம் சாழல் ஆடினோம். ஆண்டு 5 தங்கை ஒருத்தி, சாமி கழுத்தில் ஏன் பாம்பு என்று பாடினாள். முறை அந்தத் தம்பிக்கு. திரையில் மைக் சிவப்பாகவே இருந்தது. நான் குறுக்கே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மைக் திறந்தது. "எல்லாரும் அத வெரட்டுறாங்க, சாமிதான் வச்சிக்கிட்டாரு" என்று மெட்டு பிசகாமல் பாடினான். எல்லாரும் கை தட்டினார்கள். அன்று அவன் மைக்கை மூடவே இல்லை. நாய் குரைக்கும் சத்தம் கடைசி வரை கேட்டது, நானும் மியூட் செய்யவில்லை.

வகுப்பு எடுப்பவர் கவனத்துக்கு

• யாரையும் 'அவுட்' ஆக்காதீர்கள். வெளியே போகும் பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டும்.

• சுருதிப் பெட்டியின் சீரான ஒலியை ஜூம் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஒலி அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

• ஒரே போனில் அண்ணன் தங்கை இரண்டு பேர் இருந்தால் அவர்களை ஒரே ஜோடியாக்குங்கள். அவர்கள் மட்டும் உண்மையிலேயே சேர்ந்து பாடலாம்.

• விளையாட்டு முக்கால் மணி நேரம் போதும். தேவாரச் சொல்லை மாற்றி ஆடக் கூடாது. கடைசி 10 நிமிடம் திருநீறு பூசி, கைகூப்பி, ஒவ்வொருவராகப் பதிகத்தை முறையாகப் பாடட்டும்.

சிந்திக்க

1. உங்கள் வகுப்பில் போன வாரம் எத்தனை பிள்ளைகளின் குரலைத் தனித்தனியாகக் கேட்டீர்கள்?

2. உங்கள் பாட்டியோ அம்மாவோ சின்ன வயதில் பாடி ஆடிய விளையாட்டு எது? கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிறு அதையே பிள்ளைகளோடு ஆடிப் பாருங்கள்.

பிள்ளை பாடுவதற்கு, கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். நான் ஐந்து வாரம் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். நீங்கள் முதல் வாரமே தொடங்குங்கள்.